திமிங்கிலம் கேட்டவரை வெந்நீர்க் கிணற்றுக்குக் கூட்டிப்போகாமல் இருக்க: ஒன்றுபோல ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களைச் சரிசெய்யும் வழி

திருகோணமலையில் கடற்கரையோரமாக இருக்கும் உப்புவெளியில் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் படகு ஓட்டுகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், விடுதிகளில் வேலை செய்யும் பிள்ளைகள், ஓ.எல். என்ற சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வேலை தேடுகிறவர்கள். எல்லாருக்கும் ஆங்கிலம் ஓரளவு விளங்கும். அவர்கள் இடறுவது பெரிய இலக்கணத்தில் இல்லை. காதுக்கு ஒன்றுபோலக் கேட்டு, அர்த்தத்தில் வேறாகிவிடும் இரண்டிரண்டு சொற்களில்தான். சுற்றுலாக் காலம் தொடங்கியதும் அதே பிழைகள் வருடா வருடம் வருகின்றன. அதனால்தான் நடக்கிற பிழையை வைத்தே இதைப் பிரித்து எழுதுகிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

எழுத்துக்கூட்டும் இடங்களில் ஆங்கில எழுத்தின் பெயரைத் தமிழில் தந்திருக்கிறேன். ரி என்றால் ரீச்சரின் முதல் எழுத்து. டி என்றால் டொக்டரின் முதல் எழுத்து. பி மட்டும் இரண்டு இருப்பதால் ஒன்றைப் பஸ் பி என்றும் மற்றதைப் பென்சில் பி என்றும் சொல்கிறேன்.

எந்தப் பிழைக்கும் முதலில்: கொப்பியைத் திறவுங்கள்

யாராவது "எனக்கு நாக்கு திரும்புதில்லை" என்று வந்தால், நான் முதலில் கேட்பது அவருடைய கொப்பியை. பத்தில் எட்டுப் பேருக்குப் பிழை நாக்கில் இல்லை, கொப்பியில்தான் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழில் உச்சரிப்பு எழுதிப் பாடமாக்குகிறோம். குடாவைக் குறிக்கும் சொல்லுக்கும் 'பே', காசு கட்டுவதைக் குறிக்கும் சொல்லுக்கும் 'பே'. எழுதிய அன்றைக்கே இரண்டும் ஒன்றாகிவிட்டன. பிறகு நாக்கு என்ன செய்யும்?

தமிழில் எழுதுவதை விடச் சொல்லவில்லை. அடையாளம் போட்டு எழுதுங்கள். தொண்டை அதிரும் எழுத்துக்குக் கீழே ஒரு கோடு. உதடு குவியும் எழுத்துக்கு மேலே ஒரு வட்டம். பல் உதட்டில் படும் எழுத்துக்கு மேலே ஒரு சின்னக் கொக்கி. இந்த மூன்றும் போதும். என் வகுப்பில் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் முழுக்கப் பழைய கொப்பிக்குக் கோடும் வட்டமும் போடுகிறார்கள். பலருக்கு அதோடு பாதிப் பிழை போய்விடுகிறது.

அறிகுறி: கேட்ட இடம் ஒன்று, போய்ச் சேர்ந்த இடம் வேறு

இது எங்கள் ஊருக்கே உரிய பிழை. இங்கே கடலில் திமிங்கிலமும் உண்டு, கன்னியாவில் வெந்நீர்க் கிணறும் உண்டு. ஒரு விடியற்காலை ஆட்டோ அண்ணன் ஒருவர் இரண்டு வெள்ளைக்காரரை ஏற்றினார். அவர்கள் சொன்னது வேல்ஸ். அவர் காதில் விழுந்தது வெல்ஸ். நேரே கன்னியாவுக்குப் போய் ஏழு கிணற்றையும் காட்டினார். திரும்பி உப்புவெளிக் கரைக்கு வந்தபோது திமிங்கிலம் பார்க்கப் போகும் படகு புறப்பட்டுவிட்டது. கூலி கேட்க அவருக்கு வாய் வரவில்லை. இரண்டு நாள் அந்தப் பக்கமே ஆட்டோவை நிறுத்தவில்லை.

அ. குறிலா நெடிலா? முதலில் பார்க்க வேண்டியது இதுதான். காசு இல்லாத சோதனை. 'எடு' என்பதையும் 'ஏடு' என்பதையும் தமிழ்க்காது ஒருநாளும் குழப்பாது. கிணறு 'எடு' பக்கம், திமிங்கிலம் 'ஏடு' பக்கம். இதே கணக்கில் பல சோடிகள் சரியாகிவிடும். நனைந்திருப்பது வெட், காத்திருப்பது வேய்ட். எழுதுவது பென், நோவு பெய்ன். பரீட்சை டெஸ்ட், ருசி டேஸ்ட். 'இ'யும் 'ஈ'யும் அப்படியே. குடியிருப்பது குறில், புறப்படுவது நெடில். நாங்கள் வேலைக்குப் போடும் 'லீவு' இருக்கிறதே, அது புறப்படுகிற சொல்தான். அந்த நெடிலை மனதில் வைத்தால் குடியிருப்பதோடு குழப்பம் வராது. நிரப்புவது ஃபில், உணர்வது ஃபீல். துறைமுகத்தில் நிற்பது ஷிப், பட்டியில் நிற்பது ஷீப்.

ஆ. உதடா பல்லா? குறில் நெடில் சரியாக இருந்தும் நீங்கள் சொல்வது அவருக்கு விளங்கவில்லை என்றால் 'வ'வைப் பாருங்கள். எங்கள் 'வ' ஆங்கிலத்தின் இரண்டு ஒலிகளுக்கும் நடுவில் நிற்கிறது. போனின் முன் கமராவைத் திறந்து உங்கள் வாயைப் பாருங்கள். திமிங்கிலம், கிணறு, மேற்கு, தண்ணீர், இவற்றுக்கு உதடு குவிய வேண்டும், பல் தெரியக் கூடாது. வான், வீசா, வில்லா, இவற்றுக்கு மேல்பல் கீழுதட்டில் பட வேண்டும். திமிங்கிலத்தைப் பல் பட்டுச் சொன்னால் அவருக்குக் கேட்பது முகத்திரை. அல்லது எங்கள் முருகனின் வேல்.

இ. பேசுகிறவரின் ஊர் எது? அவுஸ்திரேலியர் சிலருடைய 'டே' எங்களுக்கு 'டை' போலக் கேட்கும். நியூசிலாந்துக்காரரின் 'பென்' ஏறத்தாழ 'பின்' ஆகிவிடும். அங்கே பிழை உங்களுடையதில்லை. காதைக் குறை சொல்லாமல் அடுத்த வேலையைச் செய்யுங்கள்.

உறுதிப்படுத்தும் கேள்வி: எந்த ஊர்க்காரராக இருந்தாலும், ஏற்றும் முன் வேறு சொல்லால் திருப்பிக் கேளுங்கள். "சீ? ஓர் ஹொட் வோட்டர்?" கடலா, சுடுநீரா என்ற இந்தக் கேள்வி இரண்டு செக்கனில் முடிந்துவிடும். அந்த அண்ணன் இப்போது கேட்காமல் சாவியைத் திருப்புவதில்லை.

அறிகுறி: விலை சொன்னதும் முகம் மாறுகிறது

படகுக்காரத் தம்பி ஒருவர் 15,000 என்றார். குடும்பத்தோடு வந்தவர் 50,000 என்று கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த படகுக்குப் போய்விட்டார். பிள்ளைக்கு ஏன் என்றே தெரியவில்லை. 13, 30, 14, 40, 15, 50, இப்படி 19, 90 வரை ஏழு சோடி இருக்கின்றன. எல்லாவற்றிலும் இந்த ஆபத்து உண்டு.

நீங்கள் சொல்லும்போது: பதின்களின் கடைசி 'டீன்' நீள வேண்டும், அதன் 'ன்' கேட்க வேண்டும். ஐம்பது, அறுபதின் கடைசி 'டி' சட்டென்று முடிய வேண்டும். எங்கள் ஆட்கள் விடுகிற பிழை அந்த 'ன்'னை விழுங்குவது. அடுத்த சொல்லுக்கு ஓடுகிற அவசரத்தில் அது போய்விடுகிறது. சொல்லி முடித்து ஒரு கணம் நில்லுங்கள்.

நீங்கள் கேட்கும்போது: அழுத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். தனியாகச் சொன்னால் பதின்களில் அழுத்தம் பின்னால் விழும். 'டொலர்ஸ்' என்று அடுத்த சொல் வந்துவிட்டால் அதே அழுத்தம் முன்னால் போய்விடும். அமெரிக்கர் 30, 40, 80 சொல்லும்போது நடுவில் வருவது மெத்தென்ற 'டி' ஆகக் கேட்கும். 13, 14, 18இல் அது கூராக இருக்கும்.

உறுதிப்படுத்த: "வன் ஃபைவ்" அல்லது "ஃபைவ் ஸீரோ" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். போனில் கல்குலேட்டரைத் திறந்து எண்ணைக் காட்டினால் இன்னும் நல்லது. இதில் வெட்கம் எதுவும் இல்லை. வானொலித் தொடர்பில் விமானிகள்கூட எண்களை இப்படித்தான் தனித்தனியாகச் சொல்கிறார்கள். ஒன்பதை 'நைனர்' என்றும் மூன்றை 'ட்ரீ' என்றும் மாற்றிச் சொல்வது அவர்களுடைய விதியிலேயே இருக்கிறது.

மருந்தின் அளவு என்றால் காதை நம்பவே வேண்டாம். 15 மில்லிலீற்றரா 50ஆ என்று சந்தேகம் வந்த உடனே மருந்துக் கடைக்காரரிடமோ தாதியிடமோ எழுதித் தரச் சொல்லுங்கள்.

அறிகுறி: கேட்ட பொருள் ஒன்று, கொண்டுபோன பொருள் வேறு

விடுதியில் ஒருவர் பில்லின் பிரதி ஒன்று கேட்டார். பிள்ளை பத்து நிமிடத்தில் கோப்பி போட்டுக்கொண்டு போய்விட்டாள். பாவம், அவளைப் பிழை சொல்ல முடியாது. எங்கள் தமிழில் குடிப்பது கோப்பி, எழுதுவது கொப்பி. இரண்டிலும் இருப்பது 'ப'தான். ஆங்கிலத்தில் குடிக்கிற சொல்லில் 'ப' கிடையாது.

சோதனை: அந்த ஒலியை மட்டும் ஐந்து செக்கன் இழுத்துப் பாருங்கள். இழுக்க முடிந்தால் அது 'ஃப', குடிக்கிறது. இழுக்க முடியாமல் உதடு வெடித்துத் திறந்துவிட்டால் அது 'ப', பிரதி.

'ச'வும், 'ஷ'வும். இருக்கை சீட், விரிப்பு ஷீட். வகைப்படுத்துவது சோர்ட், குட்டையானது ஷோர்ட். சேமிப்பது சேவ், சவரம் செய்வது ஷேவ். இரண்டும் இழுக்கக் கூடிய ஒலிகள், அதனால் மேலே சொன்ன சோதனை இங்கே உதவாது. வாய்க்கு முன்னால் ஆள்காட்டி விரலை வைத்து, தூங்கும் குழந்தைக்காகச் சுற்றியிருப்பவர்களை அமைதியாக்கும் ஒலியைச் சொல்லுங்கள். அதுதான் 'ஷ'.

இந்தப் பக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது, விடுதியில் வேலை செய்யும் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். கட்டில் விரிப்பையும் கடற்கரையையும் குறிக்கும் சொற்களில் நெடிலைக் குறுக்கினால் இரண்டும் கெட்ட வார்த்தைகளாகிவிடும். நீங்கள் சொன்னதும் எதிரில் இருப்பவர் ஒரு நொடி பேசாமல் நின்றால் பெரும்பாலும் நடந்தது இதுதான். அந்த இரண்டு சொற்களில் மட்டும் 'ஈ'யைத் தேவைக்கு மேலேயே நீட்டுங்கள். நீட்டினால் ஒரு கெடுதியும் வராது.

விலையும் பரிசும் (ப்ரைஸ்), பனிக்கட்டியும் கண்களும் (ஐஸ்), சோறும் எழுவதும் (ரைஸ்): தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடும் இவை கடைசி ஒலியில் மட்டும் வேறுபடும். தொண்டையில் கை வைத்துப் பாருங்கள். பரிசு, கண்கள், எழுவது மூன்றிலும் கடைசியில் அதிரும். அதிராத சொல்லில் உயிரொலியும் கொஞ்சம் சுருங்கும். காதுக்குச் சட்டென்று பிடிபடுவது அந்தச் சுருக்கம்தான்.

அறிகுறி: போனில் பெயர் சொன்னால் பிழையாகவே எழுதுகிறார்கள்

முன்பதிவு செய்யும் பெண்பிள்ளைகளுக்கு இது தினமும் நடக்கிறது. தமிழில் சொல்லின் முதலில் 'ப' வந்தால் அதிராது. நடுவில் 'ம்' ஓடு வந்தால் தானாகவே அதிரும், 'பாம்பு' என்ற சொல்லில் இரண்டும் இருக்கின்றன. சொல்லிப் பாருங்கள்: முதல் 'பா' வேறு, இரண்டாவது 'பு' வேறு. ஆக இரண்டு ஒலியும் எங்களிடம் உண்டு. முதலில் அதிர வைத்துப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். எங்கள் ஊரின் 'சைனா பே' என்ற இடத்தின் பெயரைச் சொல்ல வேண்டுமானால் 'பாம்பு'வின் இரண்டாவது ஒலியை முன்னால் கொண்டுவாருங்கள். காசு கட்டச் சொல்ல வேண்டுமானால் முதல் ஒலியோடு கொஞ்சம் காற்றையும் விடுங்கள். வாய்க்கு முன்னால் பிடித்த மெல்லிய காகிதம் ஆட வேண்டும். 'தங்கம்' என்று சொன்னால் நடுவில் வருகிற 'க'வை முன்னால் வைத்தால் ஆட்டைக் குறிக்கும் சொல், அதிராத 'க'வை வைத்தால் உடுக்கிற கோட். குளிருக்கும் பொன்னுக்கும் இதே கணக்கு.

உச்சரிப்பு சரியாக இருந்தும் போன் லைன் மோசமாக இருந்தால்? எழுத்துகளைச் சொற்களால் சொல்லுங்கள். 1956இல் நடைமுறைக்கு வந்த ஒரு பட்டியல் உலகம் முழுக்கக் கப்பலிலும் விமானத்திலும் பாவிக்கப்படுகிறது. அதில் பஸ் பி 'பிராவோ', பென்சில் பி 'பாப்பா', டி 'டெல்டா', ரி 'டாங்கோ', வி 'விக்டர்'. துறைமுகத்தில் வேலை செய்கிற பலருக்கு இந்தப் பட்டியல் தெரிந்திருக்கும். உங்கள் பெயருக்கும் விடுதியின் பெயருக்கும் உரியதை மட்டும் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள்.

அறிகுறி: நீங்கள் சொன்னது விளங்கியது, ஆனாலும் யாரோ சிரித்தார்கள்

பெரும்பாலும் இது 'ஹோல்' என்று ஒன்றாகிவிடும் மண்டபமும் ஓட்டையும். அல்லது 'போல்' ஆகிவிடும் பந்தும் கிண்ணமும், 'லோ' ஆகிவிடும் சட்டமும் தாழ்வும். இலங்கையில் இந்தக் குழப்பத்தை நையாண்டி செய்ய 'நொட் பொட்' இங்கிலீஷ் என்று ஒரு பெயரே இருக்கிறது. சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்பார்கள். வாள் என்று அர்த்தம். தெரிந்தவன் தெரியாதவனை வெட்டுகிற வாள். என் வகுப்பில் நன்றாகக் கதைக்கக்கூடிய ஒரு பிள்ளை, நேர்முகத் தேர்வொன்றில் இந்த ஒரு ஒலிக்காகச் சிரிப்பு வாங்கி மூன்று மாதம் ஆங்கிலத்தில் வாயே திறக்கவில்லை. அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் கோபம் தருகிறது. அவள் சொன்னது எல்லாருக்கும் விளங்கியது. விளங்கிய பிறகுதான் சிரித்தார்கள்.

சரி, திருத்த விரும்பினால் வழி எளிது. கண்ணாடி முன் நில்லுங்கள். ஓட்டை, கிண்ணம், தாழ்வு, படகு, கரையோரம்: இவற்றில் 'ஓ' சொல்லி முடிக்கும்போது உதடு 'உ'வுக்குக் குவிய வேண்டும். மண்டபம், பந்து, சட்டம், வாங்கினேன்: இவற்றில் வாய் திறந்தபடியே ஆரம்பித்து, அசையாமல் அப்படியே முடிய வேண்டும், 'ஆ'வுக்கும் 'ஓ'வுக்கும் நடுவில். எங்கள் கடற்கரைப் பிள்ளைகள் 'போட்' என்ற சொல்லைப் பிறந்ததிலிருந்து சொல்கிறார்கள். அதனால் "நான் ஒரு படகு வாங்கினேன்" என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகச் சொல்வேன். வாங்கினதும் படகும் ஒன்றாகக் கேட்காத நாளில் நிறுத்தலாம்.

இதற்குக் காசு கொடுத்துச் சிறப்பு வகுப்புக்குப் போகத் தேவையில்லை. விமானப் பணி, வானொலி போன்ற குரல் வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் நேரில் போனால் போதும்.

அறிகுறி: போன் சிவப்புக் கோடு போடவில்லை, ஆனாலும் எழுதியது பிழை

இங்கே காது உதவவே உதவாது. இரண்டு சொல்லும் ஒரே ஒலி, எழுத்துதான் வேறு. இரண்டும் உண்மையான சொற்கள் என்பதால் போனும் பல நேரம் பேசாமல் விட்டுவிடும்.

பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் திரிவது உங்களுக்குத் தெரியும். வேலைக்கு விண்ணப்பம் எழுதிய தம்பி ஒருவர் "அன்புள்ள ஐயா" என்பதற்குப் பதில் "மான் ஐயா" என்று எழுதி அனுப்பியிருந்தார். மானுக்கு டி, ஈ, ஈ, ஆர். மானுக்கு இரண்டு கொம்பு, சொல்லில் இரண்டு ஈ. அன்புக்கு டி, ஈ, ஏ, ஆர். கடைசி மூன்று எழுத்தும் சேர்ந்தால் காது என்ற சொல் வரும், கேட்பது என்ற சொல்லிலும் அதே காது இருக்கிறது. 'இங்கே', 'அங்கே', 'எங்கே' மூன்றுக்கும் கடைசி நான்கு எழுத்து எச், ஈ, ஆர், ஈ. இடம் கேட்கும் குடும்பம் என்று நினைவு வையுங்கள், 'அவர்களுடைய' என்பது அந்தக் குடும்பத்தில் சேராது.

கரையில் எழுதும் பலகைகளில் நான் அடிக்கடி திருத்துவது விற்பனையும் பாயும். விற்பனை எஸ், ஏ, எல், ஈ. பாய் விரித்து ஓடுவது எஸ், ஏ, ஐ, எல். காகிதாதிகள் விற்கும் கடையின் பலகையில் கடைசி ஈ, ஆர், வை, பேப்பரில் வருகிற அதே ஈ, ஆர். ஏ, ஆர், வை போட்டால் அசையாமல் நிற்பது என்று அர்த்தமாகிவிடும்.

துறைமுகப் பக்கம் வேலை தேடுகிறவர்களுக்கு மூன்று சோடிகள். கப்பலைக் கட்டி நிறுத்தும் இடம் பஸ் பி, ஈ, ஆர், ரி, எச். நடுவில் ஈக்குப் பதில் ஐ போட்டால் பிறப்பு. கப்பல் அணையும் மேடை கியூ, யூ, ஏ, வை. பார்த்தால் எப்படியோ இருக்கும், ஆனால் சொல்வது 'கீ', சாவியைப் போலவே. மிதவை பஸ் பி, யூ, ஓ, வை. பிரித்தானியர் அதைப் பையன் என்ற சொல்லைப் போலவே 'பொய்' என்பார்கள், அமெரிக்கர் 'பூயி' என்பார்கள். தமிழில் பொய் என்றால் வேறு, அதனாலேயே இந்தச் சொல் எங்கள் பிள்ளைகளுக்கு மறப்பதில்லை.

சோதனை: அனுப்பும் முன் எழுதியதைச் சத்தமாக வாசிக்காதீர்கள். சத்தத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். சந்தேகமான சொல்லை மட்டும் எடுத்து ஆங்கில–தமிழ் அகராதியில் போட்டுத் தமிழ் அர்த்தத்தைப் பாருங்கள். 'மான்' என்று வந்தால் விளங்கிவிடும்.

எப்போது ஆளைத் தேட வேண்டும்: பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, ஒப்பந்தம். இவற்றை நீங்களாக ஆங்கிலத்தில் எழுத முயலாதீர்கள். சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள்.

அறிகுறி: "கூடாது" என்றேன், "கூடும்" என்று விளங்கிக்கொண்டார்கள்

இதைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். வடகீழ்ப் பருவமழை மாதங்களில் நிலாவெளிக் கடல் கொந்தளிக்கும்போது "நீந்த முடியாது" என்று சொல்லிவிட்டு வந்தால், கொஞ்ச நேரத்தில் அவர்கள் தண்ணீரில் நிற்பார்கள். முடியும், முடியாது இரண்டுக்கும் ஆங்கிலத்தில் வித்தியாசம் கடைசி ரி ஒன்றுதான். நாங்களும் விழுங்குகிறோம், அமெரிக்கரும் விழுங்குகிறார்கள். பிரித்தானியர் முடியாததற்கு 'கா' என்று நீட்டுவார்கள், அதனால் அவர்களிடம் பிழை குறைவு.

கேட்கும்போது: வாக்கியத்துக்குள் 'முடியும்' சுருங்கி 'கன்' என்று ஓடிவிடும். 'முடியாது' பாரமாக விழும். பாரமாகக் கேட்டால் மறுப்பு என்று எடுங்கள்.

சொல்லும்போது: அந்தச் சொல்லையே பாவிக்காதீர்கள். "நோ ஸ்விம்மிங். டேஞ்சர்." கையையும் குறுக்கே ஆட்டுங்கள். 2003 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் புறாத்தீவில் பவளப்பாறையில் கால் வைக்கக் கூடாது என்பதையும் இப்படியே, "நோ ஸ்டாண்டிங்" என்று மறுப்பை முன்னால் வைத்துச் சொல்லுங்கள்.

அறிகுறி: எல்லாம் செய்தும் மாறவில்லை

போனில் குரலால் எழுதும் வசதியைத் திறந்து ஆங்கிலத்துக்கு மாற்றி, வாக்கியம் இல்லாமல் ஒரு சொல்லை மட்டும் சொல்லுங்கள். வாக்கியமாகச் சொன்னால் போன் ஊகித்துச் சரியாக எழுதிவிடும், உங்கள் பிழை தெரியாது. பத்துத் தடவையில் ஏழெட்டுத் தடவை நீங்கள் நினைத்த சொல்லே வந்தால் உச்சரிப்பு போதும். வராவிட்டால் கூடப் படிக்கும் ஒருவரை எதிரில் இருத்தி அதையே செய்யுங்கள். நீங்கள் சொல்ல, அவர் எழுத வேண்டும். பிறகு மாற்றிச் செய்யுங்கள். இரண்டு வாரத்துக்குத் தினமும் பத்து நிமிடம் போதும்.

அதற்குப் பிறகும் ஒலிகள் பிரிந்து கேட்கவில்லை என்றால் ஒரு கேள்வி: தமிழிலும் அடிக்கடி "என்ன?" என்று திரும்பக் கேட்கிறீர்களா? ரீவியின் சத்தத்தை மற்றவர்களை விடக் கூட்டி வைக்கிறீர்களா? அப்படியென்றால் ஆங்கில வகுப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குப் போங்கள். இயந்திரத்துக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக நின்று படகு ஓட்டுகிறவர்களுக்கு நான் இதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

பிள்ளை என்றால், பள்ளிக்கூடம் போகத் தொடங்கிச் சில வருடம் ஆன பிறகும் தமிழிலேயே 'ச', 'ர' போன்ற ஒலிகள் திரும்பாமல் இருந்தால், அடித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பேச்சு, மொழிச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள்.